அறை தயார்

…அதுக்கு நான் என்ன சார் பண்ணுவேன். இந்த நாலு பெட்டியும் மாடி ஏறுறவங்க முட்டியில இடிக்குதுன்னு புகார் போயிருக்காம். முட்டி வலின்னா மாத்திரை குடுக்கற ஆள்கிட்டப் போகணும். நான் ஸ்டோர் கீப்பர். ஆஸ்பத்திரிக்கு வர்ற பஞ்சுல இருந்து கட்டில் வரைக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கறது என் வேலை. இருபத்தொன்பது வருஷமா வாங்கி வைக்கறேன். வாங்கினதை ஊழியர் குடியிருப்புப் படிக்கட்டுக்கு அடியில வைக்கணும்னு யாரும் சொல்லிக் குடுக்கல. அது மட்டும் நானாக் கத்துக்கிட்டது.

உட்காருங்க. அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, இந்தப் பக்கம் சாய்ஞ்சு உட்கார்ந்தா ஒண்ணும் ஆகாது. டீ சொல்லவா… வேண்டாமா. ஆய்வுக்கு வர்றவங்க டீ குடிக்கக் கூடாதுன்னு புதுசா சட்டம் போட்டுட்டாங்களா. முன்னாடி வந்தவங்கெல்லாம் டீ மட்டும்தான் குடிச்சாங்க, ஆய்வு பண்ணல. சரி, விடுங்க. பெரிய டாக்டர் ஆபரேஷன்ல இருக்காரு, வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் பேச்சுத் துணைக்குன்னு என்னை அனுப்பியிருக்காரு. இதுல பேச்சு யாரு, துணை யாருன்னு கொஞ்ச நேரத்துல உங்களுக்கே தெரிஞ்சிடும்.

பெட்டியில இருக்கறது டயாலிசிஸ் மெஷின் சார். கிட்னி போனவங்களுக்கு ரத்தம் சுத்தம் பண்றது. நாலு மெஷின், எல்லாம் புதுசு, டேப் கூடப் பிரிக்கல. எட்டு மாசமா இங்கதான் இருக்கு. ஏன் ஸ்டோர்ல வைக்கலன்னு கேட்பீங்க. ஸ்டோர் மேல இருக்கறது துணி துவைக்கற ரூம். மேல அவங்க துவைச்சா கீழ எனக்கு மழை. வராந்தாவுல வச்சுப் பார்த்தோம், நோயாளியோட வந்தவங்க அது மேல சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சுட்டாங்க. பெரிய டாக்டர் சொன்னாரு, கையெழுத்துப் போட்டு வாங்கினது நீங்க, பத்திரமா வைக்க வேண்டியதும் நீங்கன்னு. அதான் வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன். நான் இதே கட்டிடத்துல ரெண்டாவது மாடி. ராத்திரி கதவைப் பூட்டறப்ப ஒரு தடவை இறங்கி வந்து நாலும் இருக்கான்னு எட்டிப் பார்த்துட்டுத்தான் போறது. என் சொந்தப் பொண்ணு ஹாஸ்டல்ல இருந்தப்பக் கூட நான் இவ்வளவு கவலைப்படல.

நீங்க யார் ஆளு சார், அதைச் சொல்லுங்க. கூட்டு ஆய்வுக் குழுவா. ரெண்டு அரசும் சேர்ந்து அனுப்பினதா. அப்போ சம்பளம் பாதி அங்க, பாதி இங்கயா. லீவு கேட்டா யார்கிட்டக் கேட்பீங்க… சரி, அது உங்க கஷ்டம்.

ரெண்டு வருஷம் முந்தி அந்த வெள்ளம் வந்துச்சுல்ல, அப்போ ஆறு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்து தானே அட்மிஷன் போட்டுக்கிச்சு. கீழ்த்தளம் முழுக்க இடுப்பளவு தண்ணி. என் ஸ்டோர்ல கையுறைப் பெட்டியெல்லாம் பிரிஞ்சு, ஒவ்வொரு கையுறையும் காத்து அடைச்சு, அஞ்சு விரலையும் மேல நீட்டிக்கிட்டு மிதக்குது. நூத்துக்கணக்குல கை, எல்லாம் எனக்கு டாட்டா காட்டுது. அழறதா சிரிக்கறதான்னு தெரியல. சிரிச்சேன். டயாலிசிஸ் ரூமும் அதே தளத்துலதான் இருந்துச்சு. மெஷின் மூணும் போச்சு. சேறு வடிஞ்சப்புறம் பார்த்தா ஒரு பக்கச் சுவரும் போச்சு.

அப்புறம் மீட்பு நிதின்னு அறிவிச்சாங்க. மெஷின் வாங்கறது மத்திய அரசு. அதை வைக்க ரூம் கட்டறது பிராந்திய அரசு. ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து, கை குலுக்கி, போட்டோ எடுத்து, ஒப்பந்தம் போட்டாச்சு. எங்க ஆபீஸ்ல மத்திய, பிராந்தியன்னு இழுத்துச் சொல்ல யாருக்கு நேரம் இருக்கு. பெரிய வீடு, சின்ன வீடுன்னுதான் சொல்றது. சிரிங்க சார், தப்பில்ல. எங்க நாத்தனார் இதைக் கேட்டுட்டு, 'என்ன அண்ணி பேச்சு இது'ன்னு முகத்தைச் சுளிச்சா. நான் என்னம்மா பண்றது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்கற பார்வை அப்படி இருக்குன்னேன். ஒண்ணு வந்து உட்கார்ந்த இடத்துல இன்னொண்ணு உட்காராது. ஒண்ணு குடுத்ததை இன்னொண்ணு 'அது நான் குடுத்தது'ங்கும். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட ஆம்பளை முழிக்கற மாதிரி எங்க ஆஸ்பத்திரி முழிக்குது.

அடிக்கல் நாட்டறதுன்னு நாள் குறிச்சாங்க. ஒரு ரூமுக்கு எத்தனை அடிக்கல் சார் நாட்டுவாங்க. இதுக்கு ரெண்டு. முதல்ல சின்ன வீட்டு மந்திரி வந்து ஒரு மூலையில நாட்டிட்டுப் போனாரு. ஒன்பது நாள் கழிச்சுப் பெரிய வீட்டு மந்திரி வந்தாரு. முதல் கல்லை எடுக்கவும் முடியாது, அது இருக்கற இடத்துல அவரு நாட்டவும் மாட்டாரு. எதிர் மூலையில இன்னொரு குழி வெட்டினாங்க. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் என் ஸ்டோர்ல இருந்துதான் போச்சு. முதல் தடவை நல்லா வெட்டுச்சு. ரெண்டாவது தடவை அவரு நசுக்கறாரு, நசுக்கறாரு, ரிப்பன் நசுங்குதே தவிர வெட்டுப்படல. கடைசியில ரெண்டு கையாலயும் பிச்சாரு. 'வேணும்னே மழுங்கின கத்தரியைக் குடுத்திருக்காங்க'ன்னு மேலிடத்துல இருந்து எனக்கு விளக்கம் கேட்டு லெட்டர். கத்தரிக்குக் கட்சி கிடையாதுன்னு பதில் எழுதணும்னு ஆசை. எழுதல.

அப்புறம் பெயர்ப் பலகை. யார் பேரு மேல, யார் பேரு கீழ. இதுக்கு அஞ்சு மாசம். பக்கத்துப் பக்கத்துல போடலாம்னா, இடது பக்கம் யாரு. கடைசியில ரெண்டு பலகை, ஒரே அளவு, ஒரே உயரம்னு முடிவாச்சு. நான்தான் டேப்பை வச்சு அளந்து ரெண்டு தரப்புக்கும் காட்டினேன். போய்ப் பாருங்க, ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம். பலகை ரெண்டும் பளபளன்னு இருக்கு. அதுக்குப் பின்னாடி நாலு சுவர், கூரை கிடையாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்துல ஓட்டை. உள்ள ஒரு நாய் குட்டி போட்டிருக்கு. அஞ்சு குட்டி. இந்த மீட்பு நிதியில இதுவரைக்கும் பலன் அடைஞ்சவங்கன்னு கணக்கு எடுத்தா அந்தக் குடும்பத்தைத்தான் சொல்லணும்.

மாசா மாசம் ஒருங்கிணைப்புக் குழு கூட்டம் நடக்கும். நாற்காலி போடறது, தண்ணி வைக்கறதுன்னு நானும் போய் ஓரமா உட்கார்ந்திருப்பேன். பெரிய வீட்டுல இருந்து ஒரு அம்மா வரும். எதைச் சொன்னாலும் 'தேதி சொல்லுங்க, தேதி சொல்லுங்க'ன்னு கேட்கும். நாங்க தேதி மேடம்னுதான் சொல்றது. சின்ன வீட்டுல இருந்து ரூம் கட்டற இன்ஜினியர் வருவாரு. எதைக் கேட்டாலும் 'சுவர்ல இன்னும் ஈரம் இருக்கு, காயணும்'பாரு. அவரு ஈரம் சார். தேதி மேடம் தேதி கேட்கும், ஈரம் சார் ஈரம்பாரு. ஒன்றரை மணி நேரம் கழிச்சு, நல்ல முன்னேற்றம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடுவாங்க. எனக்கு அந்தக் கூட்டத்துக்குப் போறதே பிடிக்காது. ஆனா ஒரு தடவை கூட நான் போகாம இருந்ததில்ல.

ஏன்னா… எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு சார். நாலு வருஷமாச்சு.

அவரு லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊர்ல உயரமா இருக்கற கட்டிடம் எதுன்னாலும் அதோட லிஃப்ட்டை ஒரு தடவையாவது தொட்டிருப்பாரு. வாழ்க்கை பூரா ஊரை மேல ஏத்திக் கீழ இறக்கினவரு. குடியிருக்கறது லிஃப்ட் இல்லாத கட்டிடத்துல, ரெண்டாவது மாடி. அதைச் சொல்லி அவரே சிரிப்பாரு. வெள்ளத்துக்கு முந்தி, இதோ இங்க ஆஸ்பத்திரியிலயே வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். நான் டீ குடிக்கப் போற நேரத்துல எட்டிப் பார்த்துட்டு வருவேன். வெள்ளத்துக்கு அப்புறம் பக்கத்து நகரத்துக்குப் போறாரு. பஸ்ல ரெண்டரை மணி நேரம் போகணும், நாலு மணி நேரம் படுக்கணும், திரும்ப ரெண்டரை மணி நேரம் வரணும். காலையில அஞ்சு மணி பஸ்சு. மெஷின்ல படுத்து எந்திரிச்சவங்களைப் பார்த்திருக்கீங்களா சார். பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருப்பாங்க. அந்த நிலைமையில பஸ்ல வந்து இறங்கி, இங்க வந்ததும் ரெண்டு மாடி ஒரே மூச்சுல ஏற முடியாது. அதனால இந்தப் பெட்டி மேல உட்காருவாரு. ஆமா, இந்த ரெண்டாவது பெட்டி மேலதான். பத்து நிமிஷம் மூச்சு வாங்கிட்டு ஏறுவாரு. வீட்டுக்குள்ள வந்ததும், 'மெஷின் மேல உட்காரற வரைக்கும் வந்தாச்சு, மெஷின்ல படுக்கறது ஒண்ணுதான் பாக்கி'ம்பாரு. அந்த மனுஷன் சிரிக்க வைக்கறதுக்குத்தான் சொல்றாரு. நான் சமையக்கட்டுக்குப் போயிடுவேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மெஷின் தயாரானதும் பெரிய வீட்டுல இருந்து ஒரு படிவம் வந்துச்சு. வர்ற மெஷினை வைக்க ஆஸ்பத்திரி தயாரான்னு கேட்டு இருபது கட்டம். அதுல பதினாலாவது கட்டம், அறை தயாரா, ஆம், இல்லை. யாரோ அதுல ஆம்னு குறிச்சு அனுப்பிட்டாங்க. மெஷினும் லாரி ஏறி வந்துடுச்சு.

இதுல என்ன கூத்துன்னா, இத்தனை வருஷமா இந்த ரெண்டு வீடும் ஒண்ணுக்கொண்ணு பேசினதே கிடையாது. இங்க இருந்து ஒரு தாள் அங்க போகணும்னா ஒரு மழைக்காலம் முடியணும். அந்தத் தைரியம்தான் எல்லாருக்கும். ஒரு வீட்டுக்குச் சொன்னது இன்னொரு வீட்டுக்குத் தெரியாது. அந்த ஒப்பந்தத்துல, இனிமே ரெண்டு அரசும் எல்லா விவரத்தையும் ஒரே வலைத்தளத்துல போடணும், ஒருத்தர் போட்டதை ஒருத்தர் பார்க்கணும்னு ஒரு வரி இருந்திருக்கு. யார் சார் அதையெல்லாம் நம்புவாங்க. ஆனா அந்த ஒரு தடவை நிஜமாவே பார்த்துட்டாங்க. சின்ன வீட்டு நிதி ஆபீஸ்ல உண்மையிலேயே வேலை செய்யற ஆளு யாரோ ஒருத்தர் இருந்திருக்காரு. திறந்து பார்த்திருக்காரு. அறை தயார்னு இருக்கு. அறைதான் தயாராயிடுச்சே, அப்புறம் அறை கட்ட எதுக்குப் பணம்னு மீதியை நிறுத்திட்டாரு. சட்டப்படி பார்த்தா அவரு பண்ணினது சரி. மறுநாள் கான்ட்ராக்டர் கலவை மெஷினை லாரியில ஏத்திட்டுக் கிளம்பிட்டாரு. பிரிக்காத சிமெண்டு மூட்டை அஞ்சாறு அங்கயே கிடந்து, மழையில நனைஞ்சு, கல்லாயிடுச்சு.

ஒருங்கிணைப்பு ஒருங்கிணைப்புன்னு ரெண்டு வருஷமாக் கத்தினோம். ஒருங்கிணைஞ்சாங்க. கூரை போச்சு.

அப்புறம் சண்டை. சின்ன வீடு சொல்லுது, கட்டி முடிக்காத ரூமை முடிஞ்சதா எழுதி எங்க பேரைக் கெடுக்கறாங்க, மெஷினைச் சீக்கிரம் தள்ளிவிட்டு நல்ல பேரு வாங்க இப்படிப் பண்ணிட்டாங்கன்னு. பெரிய வீடு சொல்லுது, உள்ளூர்ல இருந்து வந்த தகவலைத்தான் போட்டோம், அவங்க ஆளுங்களே பொய் சொல்லிட்டுப் பழியை இங்க போடறாங்கன்னு. லெட்டர் மேல லெட்டர். கூட்டத்துல தேதி மேடமும் ஈரம் சாரும் ஒரே மேசையில உட்கார்ந்துக்கிட்டு, ரெண்டு பேரும் பெரிய டாக்டரைப் பார்த்துப் பேசறாங்க. 'அவங்ககிட்டக் கேளுங்க டாக்டர்.' 'இவர்கிட்டச் சொல்லுங்க டாக்டர்.' டாக்டர் ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலின்னு என்கிட்ட வந்து தைலம் கேட்டாரு.

ஈரம் சார் ஒரு நாள் ஸ்டோருக்கே வந்துட்டாரு. வாயைத் திறந்தா ஈரம்னு கேலி பண்ணினோமே தவிர, மனுஷன் தங்கம் சார். தன் கைக்காசைப் போட்டாவது அந்த ஜன்னலை அடைச்சிடலாமான்னு யோசிச்சவரு. 'அம்மா, அந்தப் படிவத்தை யார் நிரப்பினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா. நிரப்பினவங்களே தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா மறுநாளே பணம் விடறேங்கறாங்க, என் மேலதிகாரிகிட்ட என் பேரும் கெடுது'ன்னாரு. நான் பஞ்சு எண்ணிக்கிட்டு இருந்தேன். 'தெரியலையே சார், மேல இருந்து யாராவது பண்ணியிருப்பாங்க'ன்னேன். அவரு போயிட்டாரு. நான் பஞ்சை முதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சேன்.

…என்ன சார் பையில இருந்து எடுக்கறீங்க. படிவமா. அசல் இல்லையே, நகல்தானே.

கையெழுத்தைக் காட்டாதீங்க. எனக்குத் தெரியும்.

இருங்க. அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிக்கறேன், அதைக் கேட்டுட்டு அப்புறம் இதைக் கேளுங்க. டயாலிசிஸ் பஸ்ல இங்க இருந்து ஆறு பேர் போவாங்க. எங்க வீட்டுக்காரர் ஒருத்தர். இன்னொருத்தர் ஸ்கூல் வேன் ஓட்டறவரு. நாற்பது வயசு கூட இருக்காது, ரெண்டு பொண்ணு. முன்னாடியே ஏறி எங்க வீட்டுக்காரருக்கு ஜன்னல் சீட்டுல துண்டைப் போட்டு வைப்பாரு. 'அண்ணே, லிஃப்ட் வந்துடுச்சு ஏறுங்க'ன்னு கிண்டல் பண்ணுவாரு. போன மாசம் பெய்ஞ்ச மழையில ரோடு அரிச்சுப் போய் ஒரு நாள் பஸ்சே வரல. எல்லாருக்கும் ஒரு நாள் தவறிப்போச்சு. அடுத்த முறை பஸ் வந்துச்சு. அன்னிக்கு அவருக்குப் பதிலா வேன் ஓட்ட ஆள் கிடைக்கல. பிள்ளைங்களுக்குப் பரீட்சை. ஒரு நாள்தானே, தாங்கிடுவேன்னு வேனை எடுத்துட்டாரு. எல்லாப் பிள்ளைங்களையும் கொண்டு போய் விட்டிருக்காரு. மத்தியானம் மூச்சு விட முடியாம இங்கதான் தூக்கிட்டு வந்தாங்க. எமர்ஜென்சி வார்டு எங்க இருக்கு தெரியுமா சார். இந்த வாசல்ல இருந்து பார்த்தாலே தெரியும், அதோ அந்த மஞ்சள் கதவு. ஆக்சிஜன் சிலிண்டர் கேட்டு ஸ்டோருக்கு ஓடி வந்தாங்க. எடுத்துக் குடுத்தது நான். ரெஜிஸ்டர்ல நேரம் எழுதணும்ல, எழுதினேன். ரெண்டு பத்து. மூணு மணிக்கெல்லாம் சிலிண்டரைத் திருப்பிக் கொண்டு வந்து வச்சுட்டாங்க. முக்கால்வாசி அப்படியே இருந்துச்சு.

அவரு பொண்ணு ரெண்டும் யூனிஃபார்ம்லயே வந்து நின்னுதுங்க.

நாலு மெஷின் இங்க இருக்கு சார். பிரிக்காம இருக்கு.

அந்தக் கையெழுத்து என்னோடதுதான். நான்தான் குறிச்சேன். பெரிய வீடும் இல்ல, சின்ன வீடும் இல்ல. பெரிய டாக்டருக்குத் தெரியாது, ஈரம் சார் பாவம் அப்போ லீவுல இருந்தாரு. என் மேசையில, என் பேனாவுல.

ஏன் பண்ணினேன்னா, படிவம் வந்த அன்னிக்குத்தான் கடைசி நாள். கெடுவைத் தபால்ல சொல்லியிருந்தா ரெண்டு நாள் தள்ளிப் போட்டிருக்கலாம், ஆனா தேதி மேடம் போன்ல கூப்பிட்டு, சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா மெஷின் பட்டியல்ல இருக்கற அடுத்த ஊருக்குப் போயிடும்னு சொல்லுச்சு. ஈரம் சார் லீவுக்குப் போறதுக்கு முந்தி, இன்னும் ஒன்றரை மாசத்துல ரூம் முடிஞ்சிடும்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நான் கணக்குப் போட்டேன். மெஷின் வர ஒன்றரை மாசம், ரூம் முடிய ஒன்றரை மாசம். நான் இன்னிக்குச் சொல்ற பொய் அன்னிக்கு உண்மையாயிடும், யாருக்கும் தெரியாது. அன்னிக்கு வேற எங்க வீட்டுக்காரர் பஸ்ல வாந்தி எடுத்து, சட்டை மாத்தாம அப்படியே வந்திருந்தாரு. ஆம்னு குறிச்சேன். குறிச்சுட்டு நல்லா அழுத்தமா எழுதற பேனாவால அது மேலயே இன்னொரு தடவை எழுதினேன், தெளிவாத் தெரியணும்னு.

அதை ஒருத்தரும் பார்க்க மாட்டாங்கன்னு இருந்தேன் சார். இருபத்தொன்பது வருஷமா நான் எழுதி அனுப்பின எதையும் ஒருத்தரும் பார்த்ததில்ல.

அப்புறம் பெரிய வீட்டுல இருந்து மாசா மாசம் எனக்கு லெட்டர் வந்துச்சு. தாங்கள் அளித்த விவரத்தை உறுதி செய்க அல்லது திருத்துகன்னு. எட்டு லெட்டர். எட்டும் என் மேசை இழுப்பறையில பழைய மாத்திரை அட்டைக்கு அடியில இருக்கு. எனக்கு ரிட்டயர் ஆக பதினாலு மாசம் இருக்கு. எங்க வீட்டுக்காரர் மருந்துச் செலவு முழுக்க என் பென்ஷன்லதான் ஓடணும். அது ஒரு பயம். இன்னொரு பயம், இல்லைன்னு திருத்திட்டா மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு. ரூம் இல்லாட்டியும் மெஷினாவது கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு நினைச்சேன். அதைக் காவல் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். வேன்காரர் போனதுக்கு அப்புறம் மூணு தடவை லெட்டர் எழுதக் காகிதம் எடுத்தேன். மூணு தடவையும் அதுல கடைக்குப் போக சாமான் லிஸ்ட் எழுதினேன்.

எழுதிக்கங்க சார். நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கங்க.

…என்ன. லாரியா. எந்த லாரி.

வெள்ளிக்கிழமை வருதா. இந்த வெள்ளிக்கிழமையா. நான் இன்னும் ஒண்ணும் திருத்தவே இல்லையே, அதுக்குள்ள ஏன் வருது. மெதுவாச் சொல்லுங்க தம்பி… மன்னிச்சுக்குங்க சார். மெதுவாச் சொல்லுங்க.

அறை தயார்னு இருந்து, மெஷின் வந்து எட்டு மாசத்துக்குள்ள அதை மாட்டலைன்னா, அது ஆஸ்பத்திரி தப்பு. மெஷின் வேற ஊருக்குப் போயிடும். சரி. அறை தயார் இல்லைன்னு இருந்தா… அப்போ ரெண்டு அரசும் சேர்ந்து ரூமை முடிச்சுக் குடுக்கற வரைக்கும் மெஷின் இருக்கற இடத்துலயே இருக்கும். யாரும் தூக்கக் கூடாது. அப்படியா எழுதியிருக்கு. எங்க எழுதியிருக்கு. ஒப்பந்தத்துல, பதினோராவது பக்கமா. அது எங்ககிட்டயும் ஒரு பிரதி இருக்கே. நான்தான் ரெண்டு அலமாரிக்கு நடுவுல ஆடாம இருக்க சொருகி வச்சிருக்கேன்.

அப்போ எட்டு மாசமா நான் காவல் காத்தது…

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன் சார்.

நீங்களே எழுதிட்டுப் போங்களேன், கண்ணால பார்க்கறீங்கல்ல, கூரை இல்ல, நாய் இருக்கு. நீங்க எழுதினா அது ஆய்வா. நான் எழுதினாத்தான் திருத்தமா. சரி. அதுவும் சரிதான். பேனா குடுங்க. காகிதம் நல்லதாக் குடுங்க, பின்பக்கம் ஒண்ணும் அச்சடிச்சிருக்கக் கூடாது. இந்தப் பெட்டி மேல வச்சே எழுதறேன், மேசைக்குப் போனா மனசு மாறிடும்.

யாருக்கு சார் எழுதறது, பெரிய வீட்டுக்கா, சின்ன வீட்டுக்கா. ரெண்டு பேருக்கும்னா யார் பேரை மேல போடறது. மறுபடியும் அஞ்சு மாசம் ஆயிடப் போகுது. பக்கத்துப் பக்கத்துல போடறேன். இடது பக்கம் யாருன்னு கேட்டா, எனக்கு இடது வலது தெரியாதுன்னு சொல்லிடுங்க.

'ஐயா, அம்மா. ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பர் எழுதுவது. மேற்படி படிவத்தில் பதினாலாவது கட்டத்தில் அறை தயார் என்று குறிக்கப்பட்டிருப்பது…' இல்ல, 'குறிக்கப்பட்டிருப்பது' வேண்டாம். கட்டம் தானே குறிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு. 'நான் குறித்தது தவறு. அறை தயாராக இல்லை. கூரை இல்லை, ஜன்னல் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை.' பலகை இருக்குன்னு எழுதவா. வேண்டாம், சரி. 'இதில் இன்ஜினியருக்கோ பெரிய டாக்டருக்கோ எந்தச் சம்பந்தமும் இல்லை.' இந்த வரி கண்டிப்பா இருக்கணும். ஈரம் சார்கிட்ட இதை நானே போய்ச் சொல்லணும், லெட்டர்ல தெரிஞ்சுக்கக் கூடாது. எங்க வீட்டுக்காரர்கிட்டயும். அவருதான் முதல்ல திட்டுவாரு. திட்டட்டும்.

அடுத்து என்ன போடணும், 'கவனக்குறைவால்'னா. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்களா. அப்படிப் போட்டா மெமோவோட போயிடுமா, பென்ஷனுக்கு ஒண்ணும் ஆகாதா.

நல்ல மனசு சார் உங்களுக்கு. ரெண்டு இடத்துலயும் சம்பளம் வாங்கறவங்களுக்கு இவ்வளவு நல்ல மனசு ஆகாது.

ஆனா அது கவனக்குறைவு இல்லையே. கவனமாத்தானே குறிச்சேன். ரெண்டு தடவை எழுதினேன். ஒரு பொய்யைத் திருத்தறேன்னு உட்கார்ந்துட்டு அதுலயே இன்னொண்ணு போட்டா, எட்டு மாசம் கழிச்சு உங்களை மாதிரி ஒருத்தர் இன்னொரு நகலைத் தூக்கிட்டு வந்து நிப்பாரு. 'தெரிந்தே குறித்தேன்.' அப்படித்தான் போடறேன். பென்ஷனை அப்புறம் பார்த்துக்கலாம், அதுக்கும் ஒரு குழு போடுவாங்க, அவங்களும் ஒருங்கிணையட்டும்.

கையெழுத்து, தேதி. இந்தாங்க. போட்டோ எடுத்துக்கங்க, அசலையும் வச்சுக்கங்க.

லாரிக்காரங்களுக்கா போன் பண்றீங்க. இங்க சிக்னல் வராது சார், வாசலுக்குப் போங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி, அந்தத் தண்ணித் தொட்டிகிட்டப் போங்க, அங்க கிடைக்கும். நான் இங்கயே இருக்கேன்.

…என்ன சொல்றாங்க. கேட்கல சார். நிறுத்திட்டாங்களா. தலையை ஆட்டறீங்களா, இல்ல சிக்னல் தேடறீங்களா.

ஆட்டறீங்க.

சரி சார். சரி.